ஊபால்தோ புலிக்குக் கரண்டு தேடிய கதை

பர்ராங்கியா நகரில் பஸ் பிரேக் பழுது பார்ப்பவன் ஊபால்தோ. பகலெல்லாம் பஸ்களை நிற்க வைப்பான்; மாலையில் தன் பிகோவை நிற்காமல் பாட வைக்கப் படாதபாடு படுவான். பிகோ என்றால் அலமாரி உயரத்துக்குத் தெருவில் நிற்கும் பாட்டுப் பெட்டி. முகப்பில் அவனே ஒரு புலி வரைந்திருந்தான். அதன் வாயிலிருந்த பற்களைப் பார்த்தால் முதலை வெட்கப்படும். உள்ளே இருந்த ஆம்ப்ளிபயரும் அவன் கையால் ஒட்டியதுதான்.

போன கார்னிவல் திருவிழாவில் புலி மானத்தை வாங்கிவிட்டது. அலங்கார பல்புகளுக்கு மாட்டும் தட்டையான கரண்டு சப்ளைப் பெட்டி ஒன்றை அதற்குக் கொடுத்திருந்தான். ரொட்டித் துண்டு கனம்தான் இருக்கும். மெல்லிய பாட்டுக்குச் சமர்த்தாக ஓடியது. மேளம் முழங்கியதும் தாங்காமல் தானே அணைந்தது, மூச்சு வாங்கிப் பாடியது, மறுபடி அணைந்தது. ஆடியவர்கள் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றார்கள். அப்படி நின்றதில் ஒருவருக்கு மீசையே வளர்ந்துவிட்டதாகப் பேச்சு. அன்று முதல் தெருவில் புலிக்குப் பெயர் விக்கல்.

இந்த வருடம் தெரு நடனத்தை நடத்தும் டோன்யா பிரிஸ்கா முன்கூட்டியே வந்துவிட்டாள்.

“சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னாடி, வியாழக்கிழமை ஒரு பாட்டு முழுசா போட்டுக் காட்டு. நடுவுல விக்குச்சுன்னா பக்கத்துத் தெரு பிகோவைக் கூப்பிட்டுடுவேன்.”

தன் கட்டிலில் வேறொருவன் படுத்துக் குறட்டை விடுவதைப் போல இருந்தது ஊபால்தோவுக்கு. மனைவி நெரெய்தாவை இழுத்துக்கொண்டு பழைய சாமான் கடைக்கு ஓடினான். கடைக்காரன் எல்கின் இரண்டு டிரான்ஸ்பார்மர்களை எடுத்து வைத்தான். ஊபால்தோ பெரியதைத் தூக்கினான். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது.

“இதுடி சப்ளை! காளை மாடு!”

“காளைதான். உன் ஆம்ப்ளிபயர் போர்டு எவ்வளவு தாங்கும்?” என்றான் எல்கின்.

“நாப்பது வோல்ட்டு.”

“இதுல முப்பத்தாறுன்னு எழுதியிருக்கு. டையோடைத் தாண்டினா அம்பதுக்கு எகிறும். போர்டு மேல சோளமாவு முட்டை அரேபா பொரிச்சுத் தின்னலாம். சின்னது இருபத்தஞ்சு. முப்பத்தஞ்சுல வந்து நிக்கும். மேளத்துக்கு வேண்டிய கரண்டையும் கொட்டும்.”

பிகோக்காரர்கள் கண்ணால் பார்ப்பதில்லை, கையால் தூக்கித்தான் மதிப்பார்கள்.

“கனம் இல்லாம இடி எப்படிய்யா வரும்?”

“என்னையும் கனம் பார்த்துத்தான் கட்டினியா?” என்றாள் நெரெய்தா.

“அப்ப நீ ஒல்லி. நம்பி ஏமாந்தேன்.”

முதுகில் ஒன்று விழுந்தது. “காளையை மாட்டி போர்டு போச்சுன்னா கார்னிவலுக்குள்ள வேற கிடைக்காது. அப்புறம் புலி மேல துணிதான் காயப் போடணும்.”

காளையை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டுச் சின்னதை வாங்கினான்.

வியாழக்கிழமை புலி விக்கவில்லை. ஆனால் பாட்டுக்கு அடியில் ஆயிரம் வண்டுகள் ‘ம்ம்ம்’ என்றன. டோன்யா பிரிஸ்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

“விக்கல் போச்சு, குறட்டை வந்துருச்சா?”

“ரெண்டு அரேபா சாப்பிட்டுப் போங்க டோன்யா” என்று தட்டை நீட்டி மறித்தாள் நெரெய்தா. புருஷன் காதில் கிசுகிசுத்தாள்: “பாட்டு வர்ற வயர் பக்கத்துலயே டிரான்ஸ்பார்மரைத் திணிச்சு வச்சிருக்க. வெளியே எடு.”

“புலியோட குடலைத் தெருவுல வைக்கிறதா? எந்தப் பிகோக்காரன் செய்வான்?”

“பக்கத்துத் தெருக்காரன் செய்ய மாட்டான். அவன்தான் சனிக்கிழமை இங்க பாடப் போறான்.”

ஊபால்தோ பிளக்கைப் பிடுங்கினான். வயரை வெட்டி நீட்டி ஒட்டினான். டிரான்ஸ்பார்மரை வெளியே எடுத்து, டோன்யா எழுந்த நாற்காலியில் உட்கார வைத்தான். தெருவே சிரித்தது. அவன் காது மிளகாய் நிறமானது.

பாட்டு மறுபடி தொடங்கியது. வண்டுகளைக் காணோம். மேள அடி விழுந்தபோது மூன்று தெரு தள்ளி ஒருவரின் பல்செட் கழன்றது. கடைசித் தாளம் வரை புலி மூச்சு வாங்கவில்லை.

டோன்யா பிரிஸ்கா விரலில் ஒட்டிய எண்ணெயை நக்கியபடி தன் நாற்காலியைப் பார்த்தாள்.

“சனிக்கிழமை நான் எங்கடா உக்காருறது?”

“இடுப்பு வலின்னு சாக்கு சொல்லாம ஆடுங்க டோன்யா.”

“வாயைப் பாரு! சரி, இன்னொரு நாற்காலி கொண்டு வரச் சொல்றேன்.”