கேட் வாலும் ஃபயர்வாலும்

கம்ப்யூட்டர் வாங்கும்போதே உள்ளே ஒரு ஃபயர்வால் இருக்கிறது, கண்ட ஆட்களை உள்ளே விடாது என்றார்கள். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. சும்மா கூடவே வருகிற எதையும் நான் மதிப்பதில்லை; பொரியலில் கறிவேப்பிலையை ஒதுக்குகிற பரம்பரை. அதனால் அதை அணைத்துவிட்டு, எங்கிருந்தோ இன்னொரு ஃபயர்வாலை இறக்கிப் போட்டேன். அதுவும் இலவசம்தான். அதை யோசிக்கவில்லை.

புதியது படு சுறுசுறுப்பு. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம், ‘இதை விடலாமா, தடுக்கலாமா’ என்று கேட்கும். எது என்னவென்று தெரியாததால் எல்லாவற்றையும் தடுத்தேன். ஜவ்வாது மலையிலேயே பாதுகாப்பான கம்ப்யூட்டர் என்னுடையதுதான். உள்ளேயும் எதுவும் வராது, வெளியேயும் எதுவும் போகாது.

அது தெரியவந்தது என் மனைவியின் விண்ணப்பத்துக்குக் கடைசி நாளில். திருவண்ணாமலைக் கண்காட்சியில் சாமை முறுக்குக் கடை போட அவளுக்கு ஆசை. விண்ணப்பம் மாலை ஐந்தோடு முடிகிறது. மணி நாலு. போளூர் போய் அங்கே போடலாம் என்றால் பஸ் எப்போதோ இறங்கிப் போய்விட்டது. திரையில் பக்கமே திறக்கவில்லை.

“இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?”

“பாதுகாப்பு” என்றேன்.

ஒடுகத்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பிக்குப் போன் போட்டாள். எங்கள் வூட்டில் போன் சிக்னல் தண்ணி டேங்க் பக்கம்தான் கிடைக்கும். அவள் அங்கே நின்று கேட்டுக் கத்த, நான் உள்ளே செய்ய வேண்டும்.

“புதுசா போட்டதைத் தூக்கணுமாம்.” தூக்கினேன்.

“அணைச்சு வெச்ச ஃபயர்வாலைத் தொறந்து வுடணுமாம்” என்று அடுத்துச் சொன்னாளாம். காற்றில் பாதி போக, எனக்கு வந்தது “வாலைத் தொறந்து வுடணுமாம்” மட்டும். எங்கள் பக்கம் வால் என்றால் டேங்க் குழாயில் தண்ணியைத் திறந்து மூடும் கேட் வால்தான். மச்சான் படித்தவன், ஏதோ காரணம் இருக்கும். ஓடிப்போய் முழுசாகத் திருப்பினேன். குழாய்க்கு நேர் எதிரே அவள்.

போனை மட்டும் தலைக்கு மேல் தூக்கிக் காப்பாற்றினாள்.

“கம்ப்யூட்டருக்குத் தண்ணி காட்டப் போறீங்களா?”

போனுக்குள் மச்சான், “அக்கா, மாமா தொறந்துட்டாரா?” என்றான்.

“தொறந்துட்டார்டா. நான் குளிச்சிட்டேன்.”

ஈரப் புடவையோடு அவளே வந்து உட்கார்ந்து பழையதை ஆன் செய்தாள். பக்கம் திறந்தது. ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

“கம்ப்யூட்டருக்கு உள்ள இருக்கறதே போதும் மாமா” என்றான் மச்சான் பிறகு. “அப்பப்போ அப்டேட் மட்டும் பண்ணுங்க. கம்ப்யூட்டரை யார்கிட்டேர்ந்து காப்பாத்தறதுன்னுதான் தெரியாம இருந்துச்சு. இப்ப தெரிஞ்சுபோச்சு.”

கடை கிடைத்துவிட்டது. ஆர்டர் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் வருகிறது என்பதால், அக்காவும் தம்பியும் பேசி அவளை அட்மின் ஆக்கிவிட்டார்கள். நான் வெறும் யூசர். எதைத் தொட்டாலும் பாஸ்வேர்டு கேட்கிறது. அது அவளுக்குத்தான் தெரியும். முறுக்குப் பிழிகிற இடத்துக்குப் போய் நின்றால், தலை நிமிராமல் கேட்கிறாள்:

“இன்னாத்துக்கு?”