கறுப்பாக வந்து விழுந்தது

முதலில் நின்றது சோளச்சோறு. வாடிப்பட்டியில் எங்கள் வயலில் அறுப்பு நடந்த சமயம். என் வீட்டுக்காரர் ஒரு கவளத்தை விழுங்கிவிட்டு நெஞ்சைத் தேய்த்தார். "இங்கனக்குள்ள நிக்குது" என்றார். தண்ணீர் குடித்ததும் இறங்கிவிட்டது. அவசரமாகத் தின்றால் அப்படித்தான் என்று கடிந்துகொண்டேன். உண்மையில் எங்கள் வீட்டில் அவசரக்காரி நான்தான்.

ஒரு மாதத்தில் சோறு போய்க் கஞ்சியானது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாடு இறங்காவிட்டால் எங்கள் பக்கத்தில் தொக்கம் (உள்ளே ஒட்டிக்கொண்ட உணவு) என்பார்கள். அதை எடுப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. மதுரையில் காளவாசல் பக்கம் இருந்த ஒரு அம்மாளிடம் அவரை இழுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாள் வயிற்றை அழுத்தித் தடவி, தொண்டையில் குழலை வைத்து ஊதினார். என் வீட்டுக்காரர் குமட்டி வாந்தியெடுத்தார். எச்சிலோடு புளியங்கொட்டை அளவில் கறுப்பாக ஒன்று வந்து விழுந்தது.

"இது தொக்கமில்ல தாயி. சோத்துல யாரோ மருந்து வச்சிருக்காக" என்றார் அந்த அம்மாள். ஆளைக் கெடுக்க உணவில் எதையாவது கலந்து கொடுப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

என் நினைப்பு உடனே பழங்காநத்தத்துக்கு ஓடியது. அங்கே என் வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி, இருந்தார். பாகப்பிரிவினையில் எனக்கும் அவருக்கும் மனத்தாங்கல். அதற்குப் பிறகு ஒருநாள் தம்பியைக் கூப்பிட்டு விருந்து வைத்திருந்தார். எனக்கு அது போதும். கறுப்புத் துண்டைச் சூடத்தோடு கொளுத்தினேன். மறுநாளே போய்த் தெருவில் நின்று, "இனிமே எங்க வாசப்படிய மிதிக்காதீக" என்று கத்திவிட்டு வந்தேன்.

பத்து நாள் கஞ்சி தடையில்லாமல் இறங்கியது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு தண்ணீரும் நின்றது.

மதுரை ஆஸ்பத்திரியில் பேரியம் (எக்ஸ்ரே படத்தில் உள்தடம் தெரிவதற்காகக் குடிக்கத் தரும் வெள்ளைக் கரைசல்) கொடுத்துப் படம் எடுத்தார்கள். உணவுக்குழாயில் ஓரிடத்தில் அது நூலாக மெலிந்திருந்தது. அப்புறம் விளக்கு வைத்த குழாயை உள்ளே விட்டுச் சதையைக் கிள்ளியெடுத்துச் சோதனைக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் கூப்பிடும்வரை நான் உட்காரவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன்.

"புற்றுநோய்தாம்மா" என்றார் டாக்டர். "ஆனா வழக்கமா வர்ற வகை இல்ல. மச்சத்துக்குக் கறுப்பு நிறம் கொடுக்குற அணுக்கள் இருக்கு. அதுல கிளம்புறது. உணவுக்குழாயில நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல. உள்ளே கரி மாதிரி இருந்தது."

காளவாசலில் நடந்ததைச் சொன்னேன்.

"அந்தத் துண்டு இருக்கா?"

"கொளுத்திட்டேன்."

டாக்டர் எக்ஸ்ரே படத்தை எடுத்து உறைக்குள் வைத்தார். "அப்பவே கிடைச்சிருந்தாலும் பெரிசா எதுவும் செஞ்சிருக்க முடியாதும்மா" என்றார். அது ஆறுதலா, உண்மையா என்று இன்றும் எனக்குத் தெரியாது. இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். உடம்பிலிருந்து வருவது எதுவானாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பழி சொல்ல அவசரப்படாதீர்கள்.

வயிற்றில் துளையிட்டு ரப்பர்க் குழாய் பொருத்தினார்கள். இனி வாய் வழியே எதுவும் இல்லை. புனல் வைத்துக் கஞ்சி ஊற்ற வேண்டும். வீட்டுக்கு வந்த அன்று என் வீட்டுக்காரர் கேட்டது ஒன்றுதான். "அக்காவ வரச் சொல்லு."

ஆள் அனுப்பினேன். மதினி தூக்குச்சட்டியில் கஞ்சியோடு வந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். கஞ்சியை உள்ளங்கையில் ஊற்றி, என் கண்ணெதிரே ஒரு வாய் குடித்தார். அப்புறம்தான் புனலில் ஊற்றினார். அவர் வந்த நாளெல்லாம் அப்படித்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வெட்கம். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அடுத்த அறுப்புக்கு அவர் இல்லை.

காரியம் முடிந்து சில மாதம் கழித்துப் பழங்காநத்தம் போனேன். மதினி இலை போட்டுச் சோறு வைத்தார். பழக்கத்தில், ஒரு கவளம் தாம் எடுக்கக் குனிந்தார்.

"வேணாம் மதினி" என்று அவர் கையைப் பிடித்தேன். நானே எடுத்து வாயில் போட்டேன். தொண்டை தாண்டி, நெஞ்சு தாண்டி, அது இறங்கும் இடமெல்லாம் எனக்குத் தெரிந்தது. மதினி காத்திருந்தார். அந்த ஒரு கவளம் இறங்க வெகுநேரம் ஆனது.