எஸ்தர் அக்கா சுருக்கிய சன்னல்

கோரிப்பாளையம் சிக்னலில் பேருந்து நின்றிருந்தபோது எஸ்தர் அக்காவின் கணவர் அழைத்தார். "எஸ்தர் போயிட்டாம்மா," என்றார். நான் ஒன்றும் கேட்காமலேயே, "காப்பி கேட்டா. போட்டு எடுத்துட்டு வாரதுக்குள்ள…" என்று நிறுத்தினார். எனக்கு அழுகை வரவில்லை. 'இனிச் சொல்லவே மாட்டார்' என்ற எண்ணம்தான் வந்தது. எதை என்பதை, அவரை அறிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் ஒரே ஒளியியல் ஆய்வகத்தில் இருந்தோம். வயதில் அவர் மூத்தவர், வேலையில் சமம். ஒரு படிகத்தில் லேசர் ஒளியைச் செலுத்தினால், அபூர்வமாக ஓர் ஒளித்துகள் மறைந்து இரண்டு பிறக்கும். அந்த இரட்டையரை மேசையின் இரு கோடிகளுக்கு அனுப்பி, தனித்தனியே ஒரே மாதிரிக் கேள்விகள் கேட்போம், அதாவது அளந்து பார்ப்போம். பிறக்கும்போதே பதிலைக் கையில் கொண்டு வந்தனவா, கேட்கும்வரை பதில் என்று ஒன்றே இல்லையா என்பதுதான் சோதனை. கொண்டு வந்திருந்தால், இருபக்கப் பதில்களும் ஒத்துப்போவதற்கு ஓர் எல்லை உண்டு. எங்கள் அளவீடு அந்த எல்லையைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இங்கே பதிவானதும் அங்கே பதிவானதும் ஒரே ஜோடி என்று எப்படித் தெரியும்? மிகச் சிறிய இடைவெளிக்குள் இரண்டும் வந்தால் ஜோடி என்று கொள்வோம். அந்த இடைவெளிதான் சன்னல். "ரொம்பத் தொறந்து வச்சா, மாட்டுத்தாவணியில ஒரே பஸ்ஸுல எறங்குனவுகளெல்லாம் ரெட்டைப் பிள்ளைகன்னு ஆயிரும்டீ," என்பார் அக்கா. சுருக்குவதிலும் ஆபத்து உண்டு. கேட்கும் கேள்வியைப் பொறுத்துத் துகளின் தாமதம் மாறுமானால், தாமதமானவற்றைத் தள்ளிவிட்டு மிச்சத்தை எண்ணும்போது, எல்லையைத் தாண்டாததுகூடத் தாண்டியதாகத் தெரியும். ஆகவே முடிவைப் பார்ப்பதற்கு முன்பே அகலத்தைத் தீர்மானித்துவிட வேண்டும். இதில் என்னைவிடக் கண்டிப்பாக இருந்தவர் அவர்தான். "ஓட்டை எண்ணிட்டு, பெறவு யாருக்கெல்லாம் ஓட்டுரிமைன்னு முடிவு பண்ணலாமா?" என்று கேட்பார்.

கத்திரி வெயிலில், ஏசி பழுதாகிக் கிடந்த ஒரு மதியத்தில் எங்கள் அகலத்தை முடிவு செய்தோம். பரீட்சை அட்டையால் விசிறிக்கொண்டே என் கையில் ஓங்கி அடித்தார். "கையடிச்சாச்சு. இனிக் கர்த்தரே வந்து கேட்டாலும் மாத்த மாட்டேன்." ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர் அப்படிச் சொன்னதில் இருவருக்கும் சிரிப்பு.

தங்கை கல்யாணத்துக்காக நான் வில்லாபுரம் வீட்டில் இருந்த நாட்களில் அவர் கணக்கை முடித்துவிட்டார். திரும்பி வந்து துறைக் கருத்தரங்கில் உட்கார்ந்தபோது, திரையில் எல்லையைத் தாண்டிய வரைபடம். எல்லாரும் கை தட்டினார்கள். அதன் ஓரத்தில் எங்கள் இருவர் பெயர். அடியில் 'முன்கூட்டியே தீர்மானித்த சன்னல்' என்ற வரி. அகலம் வேறாக இருந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். "இது நம்ம அகலம் இல்லையேக்கா?"

"கொஞ்சம் சுருக்குனேன். நம்ம அகலத்துல எல்லையைத் தொடவே இல்ல புள்ள."

"அப்ப தொடலைன்னுதானே சொல்லணும்?"

"ஒலகம் பூராம் தாண்டுதுன்னு காட்டியாச்சு. மதுரைக்கு மட்டும் தனி இயற்கையா? சூட்டுல நம்ம கேபிள்தேன் நேரத்தை இழுத்துவிட்ருச்சு. தெரிஞ்ச உண்மைதானடீ."

"தெரிஞ்சதுன்னா எதுக்கு அளந்தோம்?"

அவர் என் தோளைத் தட்டினார். "கோவிச்சுக்காத. மார்கழிக் குளிர்ல திரும்ப எடுத்துத் திருத்தம் அனுப்பிருவோம். நான் சொல்றேன்ல."

கட்டுரையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன், எடுத்தார். கேன்டீனில் ஒருவர், "ரெண்டு பேருக்கும் என்னம்மா சண்டை?" என்று கேட்டபோது, நான் எதிரில் இருக்கவே, "அவ சின்னப் புள்ள சார், மொகத்தைத் தூக்கிக்கிட்டுத் திரியுறா," என்று சிரித்தார். சன்னலைச் சுருக்கியதைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அந்தச் சிரிப்பை முடியவில்லை.

மார்கழி வந்தது. அவர் சோதனை மேசைப் பக்கமே வரவில்லை. பிறகு நோய் வந்தது. சமயநல்லூர் வீட்டுக்குப் பார்க்கப் போனேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார், அம்மாவின் முழங்கால்வலியை விசாரித்தார், பக்கத்து வீட்டுக்காரர் கட்டும் மாடியைக் கிண்டல் செய்தார். நான் காத்திருந்தேன். "அடுத்த வாரமும் வாரியா?" என்றார். போனேன். அன்றும் ஆரஞ்சுதான்.

கல்லறைத் தோட்டத்தில் அவர் கணவர் என்னைத் தனியே அழைத்தார். "நீ சொன்னதுதேன் சரின்னு எங்கிட்ட எம்புட்டோ தடவ சொல்லிருக்காம்மா. ஒங்கிட்டயும் சொல்லிருப்பால்ல?"

"இல்லண்ணே."

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். அந்த நல்ல மனிதருக்கு அந்தச் சொல் தேவைப்படவே இல்லை. தேவைப்பட்ட நானோ அக்காவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளைகளைத் தின்றுகொண்டிருந்தேன்.

இரங்கல் கூட்டத்தில் பேசிய எல்லாரும் அந்த முடிவைத்தான் அவர் சாதனை என்றார்கள். அது நாங்கள் ஒப்புக்கொண்ட சன்னலில் கிடைத்ததல்ல. அந்த அளவீட்டை இப்போது மறுபடி எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லையைத் தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் அப்படியே வெளியிடுவேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியின் திருகை மயிரிழை அளவு நகர்த்தும் விரல்; அவர் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து வந்தது. இன்னொன்று, யார் வந்து முடிவைச் சொன்னாலும் மூலத் தரவை வாங்கி நானே ஒருமுறை எண்ணிப் பார்ப்பது. "ஒங்களுக்கு யாரு மேலயும் நம்பிக்கையே கெடையாதாக்கா?" என்று உடன் வேலை செய்பவர்கள் கேலி செய்கிறார்கள்.

ஒருவர் மேல் இருந்தது. அவரைத்தான் சமயநல்லூரில் புதைத்துவிட்டு வந்தோம்.