எதிர்வீட்டு அக்காவின் இரண்டு சாட்சியங்கள்

விழுப்புரத்தில் வெளிநாட்டவர் பதிவுக்கென்று ஒதுக்கியிருக்கும் அறையின் வாசலில் ஒரு பெஞ்சு உண்டு. நான் போய் அதில் உட்காரும்போதெல்லாம் யாராவது வந்து என்னை எழுப்பிவிடப் பார்ப்பார்கள். "புகார் குடுக்கறதுன்னா அந்தாண்ட போம்மா. இது ஃபாரினர்ஸ் உக்கார்ற எடம்." இரண்டு பக்கமும் இரும்பை கிராமத்துப் பக்கம் குடியிருக்கும் வெள்ளைக்காரர்கள் ஜிப்பாவும் துணிப்பையுமாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் நான், நூல் புடவையும் தலையில் கொஞ்சம் கதம்பமுமாக. "நானும் ஃபாரினர்தாங்க" என்று பாஸ்போர்ட்டைத் தூக்கிக் காட்டுவேன். ஒருமுறை ஒரு காவலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரோட பாஸ்போர்ட்டும்மா இது?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த வெள்ளைக்காரம்மா நல்ல தமிழில், "அவங்களோடதுதான் சார், போட்டோவைப் பாருங்க" என்றார்.

நான் மலேசியாவில் பிறந்தவள். ஈப்போவுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா லாரி ஓட்டினார். கோலியனூரிலிருந்து வந்து அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி வீசிக்கொண்டிருந்தவரை முதலில் முறைத்தேன், பிறகு கட்டிக்கொண்டேன். அவருக்கு அங்கே பெர்மிட் முடிந்ததும் இரண்டு பேரும் இங்கே வந்து, திண்டிவனத்தில் பரோட்டாக் கடை போட்டோம். அங்கே இருந்தவரை அவர் பெர்மிட்டுக்கு அலைந்தார். இங்கே வந்த பிறகு நான் விசாவுக்கு அலைகிறேன். வீட்டுக்கு ஒருவர் அலைய வேண்டும் என்று எங்கள் தலையில் எழுதியிருக்கிறது போலும்.

இந்தியக் குடியுரிமை வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே என்று பலர் கேட்டுவிட்டார்கள். இதை வாங்கினால் அதை விட வேண்டும். அதை விட்டால் பிறந்த ஊரிலேயே விருந்தாளியாக, இத்தனை நாள்தான் என்று கணக்குப் பார்த்து இருந்துவிட்டு வர வேண்டும். அம்மா வீட்டில் தங்குவதற்கு ஒரு நாட்டிடம் அனுமதி கேட்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் மகளோடு தங்குவதற்கு இன்னொரு நாட்டிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த வருடமும் வழக்கம்போல விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன். அப்போதுதான் அம்மா விழுந்தாள். காலையில் இங்கே நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது தம்பி போன் செய்தான். "அக்கா, அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு லா. வாய் குழறுது. உன்னைத்தான் கேக்குறாங்க. எப்ப வர?"

எப்போது வருவது? பழைய விசா முடியச் சில நாட்களே இருந்தன. புதியது கைக்கு வராமல் கிளம்பினால், அங்கிருந்து மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை மாதம் ஆகும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மகள் பத்தாவது. பொதுத்தேர்வு வருகிறது. அவளை விட்டுவிட்டுத் திரும்பி வர வழியில்லாமல் அங்கே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? சரி, நீட்டிப்பு வரட்டும் என்று இருந்தால் அம்மா இருப்பாளா?

எனக்குச் சாதாரண நாளிலேயே கால் ஓரிடத்தில் நிற்காது. அந்த நாட்களில் கேட்கவே வேண்டாம். வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு நடந்தபடியே இருந்தேன். சால்னாவில் உப்பை இரண்டு முறை போட்டேன். நடுநடுவே போனைத் தேய்த்து விண்ணப்பத்தின் நிலையைப் பார்த்தேன். 'பரிசீலனையில் உள்ளது' என்றே காட்டியது. எல்லாம் ஆன்லைன் என்கிறார்கள். ஆன்லைனில் அனுப்பிவிட்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறி அந்தக் கட்டடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

"செத்த உக்காரேன். ஏன் இப்டி பேஜாரு பண்ணிக்கினு இருக்க?" என்பார் கணவர்.

"உக்காந்தா வந்துருமா?"

"நின்னா வந்துருமா?"

அவர் அப்படித்தான். கல்லைப் போட்டாலும் நகராதவர். அதற்காகவே அவரைக் கட்டிக்கொண்டேன், அதற்காகவே தினமும் திட்டுகிறேன்.

கடைசியில் விசாரணைக்கு ஒரு காவலர் வீட்டுக்கு வந்தார். நல்ல மாதிரி. வாசலில் என்னை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார். "அக்கம்பக்கத்துல ரெண்டு பேர கேட்டு எழுதிக்கினா முடிஞ்சிதுங்க" என்றார். சும்மா ஒரு சடங்குதான். போன முறையும் அதற்கு முந்தைய முறையும் அப்படித்தான் நடந்தது. ஆனால் அப்போதெல்லாம் எதிர்வீட்டு அக்கா நிலத்துக்குப் போயிருந்தாள். இந்த முறை வாசலிலேயே உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே சொந்தமாகக் கொஞ்சம் நிலம், கணவர் இல்லை, தெருவின் மறுமுனைக்குக் கேட்கும் குரல். நான் புதிதாக வந்தபோது, சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு எங்கள் ஊர் வழக்கப்படி, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அதை ஒரு வாரம் தெரு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அதே அக்காதான் எனக்குப் பிரசவ வலி எடுத்த அன்று ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து, உள்ளே இருந்தவர்களையெல்லாம் இறக்கிவிட்டு என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

காவலர் அவளிடம், "இவங்கள உங்களுக்குத் தெரியுமாம்மா? வெளிநாட்டுக்காரங்கன்னு..." என்று ஆரம்பித்தார்.

அக்கா மடியிலிருந்த தொலியை உதறிவிட்டு எழுந்தாள். "எவன் சொன்னான் வெளிநாடுன்னு? எங்க தெருப் பொண்ணு சார் இது. ஓட்டே போட்டுக்கினு இருக்குது! போன எலெக்‌ஷன்ல எனக்கு முன்னாடி லைன்ல நின்னு போட்டுச்சு. நான் கண்ணால பாத்தேன். ஓட்டு அட்டை கூட கீது, வோணும்னா காட்டச் சொல்றேன்."

காவலரின் பேனா நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு அக்கா சொன்னதைச் சொன்னபடியே எழுதி, வாசித்துக் காட்டி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவர் தெருமுனை திரும்பியதும் அக்கா முகமெல்லாம் பல்லாக என்னிடம் வந்தாள். "எப்டி? ஒரே போடு. இனிமே உன்னிய இட்டுக்கினு போவ எவனாவது வருவானா?"

அன்றைக்குத்தான் நான் உட்கார்ந்தேன். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவள் இங்கே ஓட்டுப் போட்டால் குற்றம், விசாவே போய்விடும்.

ஓட்டு அட்டை இருந்தது உண்மை. சில வருடங்களுக்கு முன்பு எங்கள் வார்டுக் கட்சிக்காரர் ஒருவர் வீடு வீடாக வந்து பேர் எழுதிக்கொண்டு போனார். நான் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் என்று சொல்லியும், "அட இன்னாம்மா நீ, இந்தத் தெருவுல உன்னிய மட்டும் வுட்டுட்டா நல்லாவா இருக்கும்?" என்று சேர்த்துவிட்டார். அட்டை வந்தது. நீக்குங்கள் என்று நான் கேட்கும்போதெல்லாம் அடுத்த முகாமில் பார்ப்போம் என்றார். ஓட்டுப் பதிவு நாளன்று தெருவே கிளம்பியபோது நான் தலைவலி என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன். மத்தியானம் கேப்பைக் கூழ் கரைத்துக் கொண்டுவந்து கொடுத்ததே அந்த அக்காதான். நான் ஓட்டுப் போடவில்லை என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் விழுப்புரத்தில் இருந்தேன். அதிகாரி ஒரு பெண். கண்ணுக்குக் கீழே களைப்பு, பேச்சில் கடுமை இல்லை. "அட்டை உங்க பேர்ல வந்தது தப்பு. அத எழுதிக் குடுத்து நீக்கிடலாம். ஓட்டுப் போட்டீங்கன்றது அப்டி இல்லம்மா. நேர்ல பார்த்த சாட்சி எழுதிக் குடுத்திருக்காங்க. நான் எப்டி அத இல்லைன்னு வெச்சிக்கறது?"

"நான் போடலைங்க மேடம். அவங்க என்னைக் காப்பாத்தறதா நெனச்சு சொல்லிட்டாங்க."

"சொன்னவங்களே வந்து சொல்லட்டும். விசாரிச்சுப் பார்த்து, சரியா இருந்தா மேல அனுப்பறேன். அதுவரைக்கும் ஊருக்குக் கெளம்பாதீங்க. இந்த நெலமைல போனா திரும்பி வர்றது செரமம்."

பஸ்ஸில் வரும்போது தம்பி மறுபடி கூப்பிட்டான். அம்மாவின் காதில் போனை வைத்தான். அம்மா ஏதோ சொன்னாள், எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. "வரேன்மா, வரேன்மா" என்று நான் கத்தியதில் பக்கத்து ஸீட்காரர் திரும்பிப் பார்த்தார்.

திண்டிவனத்தில் இறங்கி நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனேன். போன வேகத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். "உங்களை யாரு சாட்சி சொல்லச் சொன்னது? எங்கம்மா அங்க சாகக் கெடக்குறா. உங்க பொய்யால நான் போக முடியல." நல்லது செய்யப் போனவளிடம் இப்படிப் பேசலாமா என்று இப்போது கேட்டால், கூடாதுதான். அன்றைக்கு அதைத் தவிர வேறு பேச்சு எனக்கு வரவில்லை.

அக்காவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "போலீஸாண்ட போயி நான் பொய் சொன்னேன்னு எழுதிக் குடுத்தா என்னிய உள்ள தூக்கி வெச்சிருவானுங்க. நான் வரலம்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த இரண்டு நாள் அந்தக் கதவு எனக்குத் திறக்கவில்லை. அந்தத் தெருவில் அத்தனை அமைதியை நான் கேட்டதே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் வாசலில் வந்து நின்றாள். கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள். "ஜல்தி கெளம்பு. அப்பறம் எனுக்கு பயம் வந்துரும்."

பஸ்ஸில் நான்தான் அவளுக்குப் பாடம் எடுத்தேன். உண்மையைச் சொல்லுங்கள், கூட்டிக் குறைக்காதீர்கள். நான் யார் என்று கேட்டால் மலேசியாக்காரி என்று சொல்லுங்கள். எங்க பொண்ணு, எங்க தெரு என்று சொந்தம் கொண்டாடாதீர்கள், அதில்தான் வினையே வந்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் எழுந்து நிற்பதும் உட்காருவதுமாக இருந்தேன். கண்டக்டர், "எறங்கற எடம் வந்தா சொல்றேன், உக்காரும்மா" என்றார்.

அதிகாரியின் முன்னால் அக்கா கைகட்டி நின்றாள். "நான் பொய் சொல்ட்டேம்மா. இது ஓட்டுப் போடல. அன்னிக்கு தலவலின்னு வூட்ல படுத்துக்கினு இருந்துச்சு. நான்தான் கூழு எடுத்தாந்து குடுத்தேன்."

"அப்ப ஏன் அப்டி சொன்னீங்க?"

"இட்டுக்கினு போயிடுவாங்கன்னு பயந்துட்டேம்மா."

அதிகாரி எழுதிக்கொண்டே நிமிர்ந்து, "இவங்க உங்களுக்கு என்ன வேணும்? சொந்தமா?" என்று கேட்டார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணால் சைகை காட்டினேன். அவள் அதிகாரியின் பக்கம் திரும்பி, நான் சொல்லிக்கொடுத்ததைவிடத் தெளிவாகச் சொன்னாள். "ஒண்ணும் இல்லம்மா. வெளிநாட்டுக்காரி. எதிர் வூட்ல குடியிருக்குது, அவ்ளோதான். எங்க ஊருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அதைத்தான் நான் சொல்லச் சொன்னேன். அதைச் சொன்னால்தான் எனக்கு விடிவு. என் பாஸ்போர்ட்டில் அச்சடித்திருப்பதைத்தானே அவளும் சொன்னாள்? இத்தனை வருடத்தில் அதற்காக நான் அழுததில்லை. அன்றைக்கு அந்த அறையில் கண் கலங்கியதை மறைக்கப் பைக்குள் எதையோ தேடுவதுபோல் தேடினேன்.

அக்கா எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். யாரும் அவளை உள்ளே வைக்கவில்லை. "இனிமே கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா" என்று அதிகாரி சொன்னதோடு சரி. கோப்பு மேலே போனது. அந்த வாரக் கடைசியில் நீட்டிப்பு வந்தது. போனேன். அம்மா இருந்தாள். என் கையால் சில நாள் கஞ்சி குடித்தாள், பிறகு போய்ச் சேர்ந்தாள். காரியம் முடித்துவிட்டு மகளின் தேர்வுக்கு முன்னால் திரும்பி வந்துவிட்டேன். இதையெல்லாம் இங்கேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறுமை கிடையாது. ஆனால் மனது அங்கேயெல்லாம் போய் நிற்பதில்லை. அன்றைக்கு விழுப்புரம் பஸ் நிலையத்தில்தான் போய் நிற்கிறது.

டீ வாங்கிக் கொடுத்தேன், வேண்டாம் என்றாள். "நல்லா சொன்னீங்கக்கா" என்றேன், பஸ் வருகிறதா என்று பார்க்க எழுந்து போய்விட்டாள். பஸ் வந்ததும் கூட்டத்தை இடித்துக்கொண்டு முதல் ஆளாக ஏறி, பக்கத்து ஸீட்டில் பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். வண்டி ஊரைத் தாண்டும்வரை பட்டு முந்தானையை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். நானும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"அன்னிக்கு சொன்னது ஒரு பொய்யி. அத்த வந்து மாத்தி எழுதிக் குடுத்துட்டேன்," என்றாள் என்னைப் பார்க்காமல். "இன்னிக்கு அத்தவிடப் பெரிய பொய்யி ஒண்ணு சொல்லிட்டு வந்துக்கினு இருக்கேன். இத்த எங்க போயி மாத்தி எழுதிக் குடுக்கறது?"