லாக் புக்கில் இல்லாத நாற்பது நிமிடம்

காசிம் பாய் போய்விட்டார். இன்று காலை, வீரசோழனில், அவர் வீட்டிலேயே.

என் பக்கத்துக்கு மொக்கை ஜோக் படிக்க வருகிறவர்களே... இன்று கடை லீவு. இருந்தாலும் நடுவில் ஒன்றிரண்டு வந்துவிடும், பழக்க தோஷம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாய் எங்கள் சரக்குக் கப்பலில் சீஃப் குக். நான் அவருக்குக் கீழே மெஸ்மேன்... அதாவது வெங்காயம் உரித்து, தட்டு கழுவி, திட்டு வாங்குகிற பதவி.

எனக்குச் சொந்த ஊர் மல்லாங்கிணறு. தண்ணி லாரி வந்தால் குடத்தோடு ஓடுகிற ரெண்டு ஊர்க்காரர்கள், சுற்றிலும் தண்ணீராகவே இருக்கிற இடத்தில் போய் அறிமுகமானோம். முதல் நாளிலிருந்தே அவர் வாயில் என் பேர் வந்ததில்லை. "ஏலே மல்லாங்கிணறு!" அவ்வளவுதான்.

கப்பலில் டாக்டர் கிடையாது. யாருக்காவது முடியவில்லை என்றால் மருந்து கொடுப்பது செகண்ட் ஆபீசர். முதலுதவிக்கு ரெண்டாவது ஆபீசர்... இதற்கே பாய் ஒரு நாள் முழுக்கச் சிரித்தார்.

ஒரு தடவை ஸ்ட்ரெச்சர் பயிற்சி. பாய்தான் அடிபட்ட ஆள். அவர் சட்டையில் தக்காளி சாஸை ரத்தமாக ஊற்றி, நெற்றியில் 'கண்ணாடிப் பொருள், கவிழ்க்காதே' என்று எழுதி ஒட்டிவிட்டேன். தூக்கிய நாலு பேரும் சிரித்த சிரிப்பில் பாயைக் கீழே போடப் பார்த்தார்கள்.

"சாஸு பூராத்தையும் என் மேல ஊத்திட்டயே... நூடுல்ஸுக்கு இனி உன் ரத்தத்தைத்தாம்லே ஊத்தணும்."

அடுத்த மாதம் நடந்தது பயிற்சி இல்லை.

காலை பத்து மணி இருக்கும். மதியத்துக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தவர், கரண்டியை வைத்துவிட்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அடுப்படியில் எல்லாருக்கும்தான் வேர்க்கும்...

"என்ன பாய்?"

"நெஞ்சக் கரிக்குதுலே. வாயு. அந்த ஓமத்தண்ணிய எடு."

அருப்புக்கோட்டைக் கடைவீதியில் வாங்கி, லுங்கிக்குள் சுற்றிப் பெட்டியில் கொண்டுவந்த பாட்டில். எங்கள் பக்கம் நெஞ்சுவலி என்று ஒன்று கிடையவே கிடையாது. எல்லாம் வாயுதான். என் அப்பாவுக்கும் வாயு, டீக்கடைக்காரருக்கும் வாயு. ஒரு சோடா, ஒரு ஏப்பம், முடிந்தது.

"செகண்ட் சாரைக் கூப்பிடவா?"

"கூப்பிட்டா எழுதி வச்சுருவாருலே. அப்புறம் மெடிக்கல் டெஸ்ட்ல ஃபெயிலாக்கி வீட்டுக்கு அனுப்பிருவாய்ங்க. கம்முனு இரு."

நான் கம்முனும் இருக்கவில்லை, ஜோக் அடித்தேன். "பாய், இந்த வாயுவை சிலிண்டர்ல அடைச்சா ஒரு வாரத்துக்குச் சமைக்கலாம்."

சிரித்தார். "சிரிக்க வைக்காதலே... கையெல்லாம் இழுக்குது."

இடது கை.

முதலுதவிப் பரீட்சையில் இதே கேள்வி வந்தது. வேர்வை, நெஞ்சில் பாரம், இடது கையில் வலி... என்ன செய்வாய்? 'உட்கார வைத்து, உடனே ஆளைக் கூப்பிடுவேன்' என்று எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். இங்கிலீஷில் படித்தது. பாய் தமிழில் சொன்னபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

நாற்பது நிமிடம் கழித்து, மூட்டையிலிருந்து அப்படியே சரிந்தார்.

மேலே, கப்பலை ஓட்டுகிற பிரிட்ஜுக்குப் போன் அடித்துவிட்டு அவர் நெஞ்சில் கை வைத்தேன். 'நெஞ்சழுத்தக்காரப் பய' என்று அம்மா என்னைத் திட்டுவார்... அன்றுதான் நிஜமாகவே ஒரு நெஞ்சை அழுத்தினேன். உள்ளே ஏதோ ஓர் எலும்பு சடக்கென்றது. நிறுத்தாமல் எண்ணினேன்.

செகண்ட் ஆபீசர் ஷாக் கொடுக்கும் மெஷினோடு ஓடி வந்தார். ரெண்டாவது ஷாக்கில் மூச்சு வந்தது. ஆக்சிஜன் வைத்து, அதே ஸ்ட்ரெச்சரில் மருத்துவ அறைக்குத் தூக்கினோம். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

சாட்டிலைட் போனில் கரையிலிருந்து ஒரு டாக்டர். அவர் கேட்டதை செகண்ட் ஆபீசர் என்னிடம் கேட்டார். "வலி எப்போ தொடங்கிச்சு?"

பாய் கண்ணைத் திறந்திருந்தார். என்னைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார்.

"இப்பத்தான் சார்," என்றேன்.

கப்பலில் நடப்பதையெல்லாம் எழுதி வைக்கிற லாக் புக்கில் அப்படியே ஏறியது.

கப்பலைத் திருப்பி, மறுநாள் மதியம் ஒரு துறைமுகத்தில் அவரைப் படகில் இறக்கினோம். உயிரோடு. எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். என்னை ஹீரோவாக்கி இங்கே போஸ்ட் போட்டவர்களே... இதையும் படியுங்கள்.

இதயத்தில் கால்வாசிதான் வேலை செய்கிறது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். கொஞ்சம் முன்னாலேயே பார்த்திருந்தால் என்றும் சொன்னார்களாம்.

போன மாதம் லீவில் வந்து பார்க்கப் போனேன். கப்பல் பூராவுக்கும் சமைத்துப் போட்ட மனுஷன்... கட்டிலிலிருந்து வாசலுக்கு வர, நடுவில் ஒரு தடவை உட்கார்ந்தார்.

அவர் மனைவியை நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார்: "இந்தப் புள்ளதான் அவுக உயிரப் புடிச்சு நிறுத்துச்சு."

நான் வாயைத் திறந்தேன்.

"ஏலே மல்லாங்கிணறு, டீயக் குடி. ஆறுது."

குடித்தேன்.

இன்று போன் செய்ததும் பெரியம்மாதான். "அவுக மௌத்தாயிட்டாக தம்பி. நீ வந்துரு. தூக்கும்போது நீயும் ஒரு தோள் குடுக்கணும்."

அப்போதுதான் சொன்னேன். ஓமத்தண்ணி, நாற்பது நிமிடம், 'இப்பத்தான் சார்'... எல்லாம்.

அந்தப் பக்கம் யாரோ நாற்காலி இறக்குகிற சத்தம் கேட்டது.

"மூணு மணிக்கு எடுக்குறாக," என்றார். வைத்துவிட்டார்.

வா என்று மறுபடி சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

அருப்புக்கோட்டையில் பஸ் மாறி உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். திருச்சுழி தாண்டியாச்சு.

வாரேன் பாய். தோள் கொடுக்க விட்டால் கொடுக்கிறேன்... இல்லையென்றால் பின்னாலேயே நடந்து வாரேன்.