பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அழுகை

குறைமாதத்தில் பிறந்த என் மகன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். கணவர் கட்டாரில். முரசுமோட்டையிலிருந்து வவுனியா ஆஸ்பத்திரி வார்ட்டுக்கு என்னைப் பார்க்க வர ஒருவரும் இல்லை. மார்பு கல்லாகக் கனத்தது. மகனுக்காக எவ்வளவு பிதுக்கியும் கோப்பையில் சில சொட்டுத்தான். பக்கத்துக் கட்டில் குழந்தை அழும்போதெல்லாம் எரிச்சலில் மறுபக்கம் திரும்பிப் படுப்பேன்.

ஒருநாள் அதன் தாய், அழுகிற பிள்ளையோடு என் கட்டிலில் வந்து இருந்தாள்.

"அக்கா, பிள்ளை அழுற சத்தத்துக்குப் பால் சுரக்கும். முதல்ல உங்கட பிள்ளைக்கு எடுங்கோ. பிறகு நான் இவளுக்குக் குடுக்கிறன்."

மார்புக்குள் ஊசி குத்துவதுபோலச் சுரீரென்றது. பால் தானாகவே பீறிட்டது. கோப்பை நிறையும்வரை அந்தப் பிள்ளை பசியில் கத்தியது.

இப்போது மகன் நெஞ்சோடு ஒட்டிக் குடிக்கும்போதும் அதே சுரீர். அவனுடைய முதல் கோப்பைப் பால், இன்னொரு பிள்ளையின் அழுகைக்குச் சுரந்தது.