கறுப்பா, பச்சையா?

இங்கே பகல் பன்னிரண்டு மணிக்கும் கடையில் விளக்கு எரியும். உச்சிவெயிலில் நிழல் தேடி ஓடுகிற நம் ஊர்க்காரர்களுக்கு, வெளிச்சம் தேடி நடக்கிற ஆளைப் புரியாது. நுவரெலியாவில் மழைக்காலத்துப் பனிமூட்டம் கடைவாசல்வரை வந்து நிற்கும். உள்ளே மஞ்சள் விளக்கில் கரும்பச்சையும் கறுப்பும் ஒன்றாகவே தெரியும். வாங்கிய துணியின் நிறம் பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் தெரியவரும். தோட்டத்தில் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான், என்மேல் திருட்டு வழக்கு வரும்வரை.

இங்கிருந்து திரும்பிப் போன ஒருவர் அந்தச் சங்கதியை நம் துறையூர்ப் பக்கம் கொண்டுபோய்விட்டார். “கடையில் திருடி நீ ஜெயிலுக்குப் போனதாகப் பேச்சு. இனியும் அங்கே என்ன இருக்கிறது? ஊருக்கு வந்துவிடு” என்று அண்ணன் எழுதியிருக்கிறார். நான் ஜெயிலுக்குப் போகவில்லை. திருடவும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன். பேசத்தான் கூச்சம், எழுதுவதற்கு இல்லை.

உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தேயிலை அரைக்கிற ஸ்டோரில் எனக்கு வேலை. என் மனைவி செல்லம்மாள் கொழுந்து பறிக்கிறாள். அந்த வருஷம் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, இருமல் விடவேயில்லை. ஒரு கம்பளிச் சால்வை கேட்டாள். “கரும்பச்சையில வாங்குங்க, தேயிலைக் கறை தெரியாது. கறுப்பு மட்டும் வேணாம். தாலியோட இருக்கிறவ கறுப்பப் போத்திக்கிட்டு மலைக்குப் போனா கூடக் கொழுந்து பறிக்கிறவளுக வாய அடைக்க முடியாது” என்றாள்.

பஜாரில் நல்ல கம்பளி கிடைக்கவில்லை. அதனால் துரைமார் சாமான் வாங்குகிற பெரிய கடைக்குள் முதல் தடவையாகப் போனேன். சம்பளப் பணம் மடியில் இருந்தது. மேசைமேல் துணிகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு சால்வை பிடித்துப்போயிற்று. கறுப்பா, பச்சையா? விளக்கில் தெரியவில்லை. வாசலுக்குக் கொண்டுவந்தேன், அங்கேயும் பனி. படி இறங்கி, கூரையைத் தாண்டி, தெருவோரம்வரை போய் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்தது. கடைக் காவல்காரர். எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த கொஞ்சம் சிங்களமும் அந்த நேரத்தில் ஓடிப்போயிற்று. வெளிச்சத்துக்காக வந்தேன் என்று காட்ட, கையை மேலே நீட்டினேன். கடவுள்மேல் சத்தியம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். கடை மேலாளர் வந்ததும் தலைத்துண்டை எடுத்துவிட்டுக் கும்பிட்டேன். பெரிய மனிதர் யார் வந்தாலும் இந்தக் கைகள் தாமாகக் கும்பிடும். அதை அவர், “குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டான்” என்று பொலிசில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

துணியை வெளியே கொண்டுபோய்ப் பார்க்கிற பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று ஊரில் சிலருக்கு நன்றாகத் தெரியும். நம் ஊர் ஜவுளிக்கடையில் எங்கள் தெரு ஆட்களைப் படி ஏற விடுவதில்லை. நாங்கள் தெருவில் நிற்போம். முதலாளி உள்ளே இருந்தபடி துணியை எறிவார். என் அக்கா கல்யாணத்துக்கு அப்பா அப்படித்தான் சேலை எடுத்தார். வெயிலில் விரித்து, நூலைப் பிரித்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்று நாலு சேலையைத் திருப்பி எறிந்தார். உள்ளே விடாதவர்கள்கூட அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. இங்கே உள்ளே விட்டார்கள். வெளியே வந்ததும் திருடன் என்றார்கள். இரண்டில் எது மரியாதை என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

தோட்டத்துப் பெரிய கணக்கப்பிள்ளை பிணைக்குக் கையெழுத்துப் போட்டு என்னை வெளியே எடுத்தார். மறுநாள் ஸ்டோர் வாசலில் என் கூட்டாளி ஆறுமுகம், “என்ன மாப்ள, பஜார் கடையெல்லாம் பத்தலையா? தொரைமாரு கடையிலயே கை வச்சிட்ட!” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்துகொண்டேன். வீட்டில் செல்லம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“எடுத்தீங்களா?”

“இல்ல.”

“அப்ப தலைய நிமித்துங்க.”

கணக்கப்பிள்ளைக்கு வேறு யோசனை. “ஒத்துக்கிட்டுப் போயிரு சின்னையா. மொதல் தடவைங்கிறதால எச்சரிச்சு விட்ருவாங்க” என்றார்.

“செய்யாதத செஞ்சேன்னு எப்பிடிங்க சொல்றது?”

“வாயால சொல்றதுதானேப்பா. கையா தேஞ்சு போகுது?”

வாயால் சொல்வதில்தான் எல்லாம் இருந்தது. குற்றம் என்று கோர்ட்டு சொன்னால் தோட்டத்தில் பேர் வெட்டுவேன் என்று துரை சொல்லியிருந்தார். பேர் வெட்டினால் வேலை மட்டுமல்ல, லயத்து அறையும் போகும். இருமுகிறவளோடு எங்கே போவேன்? அதோடு, இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கேட்டு நான் போட்ட மனு விசாரணையில் இருந்தது. எச்சரித்து விட்டால் பதிவில் என்ன எழுதுவார்கள் என்று, எனக்காகப் பேச வந்த வக்கீலிடம் கேட்டேன். “குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் எழுதுவார்கள்” என்றார். ஒப்புக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்ய எனக்கு அது போதும்.

கோர்ட்டில் ஆங்கிலம்தான். எனக்கும் நீதவானுக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நின்றார். கறுப்புக் கம்பளிச் சால்வை ஒன்றைத் திருடியதாகக் குற்றப்பத்திரிகையை வாசித்தார்கள். குற்றவாளியா, இல்லையா? “இல்லீங்க” என்றேன். இது முதல் குற்றம், ஒப்புக்கொண்டால் எச்சரித்து அனுப்புகிறேன் என்று நீதவான் சொன்னதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னார். வக்கீல் என் முழங்கையை இடித்தார். கை கும்பிடப் போனது. அதைப் பிடித்துக் கூண்டுக் கட்டையில் வைத்துக்கொண்டேன்.

“மன்னிப்பு வேணாங்க. விசாரிங்க” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

விசாரித்தார்கள். மேலாளர் கூண்டில் ஏறி நான் கும்பிட்டதைச் சொன்னார். காவல்காரர் நான் சத்தியம் செய்ததைச் சொன்னார். என் முறை வந்தது. “கறுப்பா பச்சையான்னு பாக்கத்தாங்க வெளிய கொண்டுபோனேன். அதுக்குள்ள புடிச்சிட்டாங்க. என்ன நெறம்னு இன்னமும் எனக்குத் தெரியாது” என்றேன். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. மேலாளரிடம் நிறத்தைக் கேட்டார். கறுப்பு என்றார் மேலாளர். காவல்காரரும் கறுப்பு என்றார். மேசையில், விளக்கின் கீழே, அது கறுப்பாகத்தான் இருந்தது. சால்வையை ஜன்னலுக்குக் கொண்டுபோகச் சொன்னார் நீதவான். கோர்ட்டுச் சேவகர் ஜன்னலைத் திறந்து விரித்துப் பிடித்தார்.

பச்சை. இளம் கொழுந்து இல்லை, முற்றிய இலையின் பச்சை.

தினமும் அதை விற்கிறவர்களுக்கே தெரியவில்லையே என்று வக்கீல் எழுந்து பேச ஆரம்பித்தார். நீதவான் கையமர்த்திவிட்டு எழுதினார். என்னை விடுதலை செய்தார்.

அடுத்த சம்பளத்துக்குச் செல்லம்மாளைக் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். போகாமல் இருந்தால்தான் திருடன் என்று தோன்றியது. அவள் ஒரு சால்வையை எடுத்துக்கொண்டு நேரே வாசலுக்கு நடந்தாள். காவல்காரர் ஓடிவந்தார். என்னைப் பார்த்தார். படி இறங்கி, சால்வையின் மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டார். “இது கறுப்பு இல்லே” என்றார் தமிழில். “நீலங்கய்யா” என்றாள் செல்லம்மாள். நீலத்தையே வாங்கினாள். வேலை போகவில்லை, அறையும் போகவில்லை.

மனுதான் போயிற்று. வழக்கால் இல்லை. இத்தனை வருஷம் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி போதாது என்று தள்ளிவிட்டார்கள். இந்தியப் பாஸ்போர்ட் கேட்டு எழுதினேன். பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டுப் பதில் வந்தது. எங்கள் தெருவில் யார் பிறப்பை யார் எழுதி வைத்தார்கள்? இரண்டு நாட்டிலும் சேர்த்து, என் பேரில் அரசாங்க முத்திரை குத்திய காகிதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கோர்ட்டுத் தீர்ப்பின் நகல். ஆங்கிலத்தில் இருப்பதால் என்னால் வாசிக்க முடியாது. என் பேர் எந்த வரியில் இருக்கிறது என்று மட்டும் தெரியும். அண்ணன் வரச் சொல்கிறார். வந்தால் மண்டபம் முகாமில் இறங்கி, காகிதம் கேட்கிற அதிகாரியிடம் அதைத்தான் காட்டுவேன். இந்த ஆள் யாருடைய பொருளையும் எடுக்கவில்லை என்று அதில் இருக்கிறது. எந்த நாட்டு ஆள் என்று மட்டும் இல்லை.